பேசாத குழந்தையிடம் ‘வேண்டாம்’ அட்டை இருக்கிறதா?

"படத்தைக் காட்டியே பழகிட்டா அப்புறம் பேசவே மாட்டானே, மேடம்?" பேச்சு வராத பிள்ளையைப் பட அட்டை காட்டித் தனக்கு வேண்டியதைச் சொல்லப் பழக்கலாம் என்றதும், பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். பயம் நியாயமானது. ஆனால் 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வலுவான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் படமோ சைகையோ பழகியதால் பேச்சு குறைந்திருக்கவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. ஆகவே "முதல்ல பேச்சு வரட்டும்" என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

பெக்ஸ் என்ற பட அட்டை முறையை 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். இதைத் தொடங்க இரண்டு பெரியவர்கள் வேண்டும். அம்மா எதிரே முறுக்கோடு உட்காருகிறார். குழந்தை கையை நீட்டியதும், பின்னால் இருப்பவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கையைப் பிடித்து, முறுக்குப் படம் உள்ள அட்டையை எடுத்து அம்மா கையில் வைக்க உதவுகிறார். அம்மா உடனே "முறுக்கு!" என்று சொல்லி, முறுக்கைக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் "என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது. கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்கும்வரை குழந்தை காத்திருக்கும். தானாக வந்து கேட்பதுதான் நமக்கு வேண்டியது.

கடையில் வாங்கும் கோட்டோவியப் படங்கள் சில பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. உங்கள் வீட்டுத் தட்டையும் தம்ளரையும் ஃபோனில் படமெடுத்து லேமினேட் செய்தால் போதும்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பல வீடுகளிலும் வகுப்புகளிலும் ‘உட்கார்’, ‘எழுது’, ‘சத்தம் போடாதே’ அட்டைகள் நிறைய இருக்கின்றன. அவை பெரியவர்களின் பேச்சு. ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்குது’, ‘இங்க வா’ என்று குழந்தை சொல்வதற்கான அட்டை எங்கே? வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளைதான் கடிக்கிறது, தட்டைத் தள்ளிவிடுகிறது. அதைப் பிடிவாதம் என்கிறோம். ‘வேண்டாம்’ அட்டையை நீட்டினால், முடிந்தவரை உடனே நிறுத்துங்கள். மருந்து மாதிரி தவிர்க்க முடியாததென்றால், "வேண்டாம்னு சொன்னது கேட்டுச்சு கண்ணா, ஆனா இதைக் குடிச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நீங்களும் பேசும்போது படத்தைத் தொட்டுப் பேசுங்கள். "வெளிய போலாமா?" என்னும்போது ‘வெளியே’ படத்தில் விரல் இருக்கட்டும். "ஆப்பிள் எது, காட்டு" என்று பரீட்சை வைக்க வேண்டாம்.

அட்டைகள் கூடிப்போனால், படத்தைத் தொட்டதும் அந்தச் சொல்லைப் பேசிக்காட்டும் செயலிக்கு மாறலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. அப்போதும் அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். சார்ஜ் தீர்ந்த நேரத்தில் அவைதான் கைகொடுக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பேச்சுக்கு மாற்றான இத்தகைய வழிகளையும் தகவல்தொடர்பு என்றே ஏற்கிறது. பள்ளியில் அட்டைப் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள். வகுப்பில் மட்டுமல்லாமல் சாப்பாட்டு நேரத்திலும் மைதானத்திலும் அது பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுத்து மூலமாகவே கேளுங்கள்.