உங்கள் ஊர்க் கண்மாய் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

கண்மாய் விவகாரம் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்பது, "சர்வே நம்பர் தெரியுமாண்ணே?" என்றுதான். பெரும்பாலும் தெரியாது. போனில் நாற்பது போட்டோ இருக்கும், லாரி நிற்பது, ஜேசிபி தோண்டுவது, கரை உடைந்தது எல்லாம் இருக்கும், கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் நகல் மூன்று நான்கு இருக்கும், பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தியைக்கூட லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். அந்தக் கண்மாய் அரசாங்கக் கணக்கில் என்ன பெயரில், என்ன எண்ணில், எத்தனை ஹெக்டேராக இருக்கிறது என்ற ஒரு தாள் மட்டும் இருக்காது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீர்நிலை வழக்குகளாகவே நடத்திக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தும் வழக்கு இழுத்துக்கொண்டே போவது அந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேருக்கு) மேல் இருந்தால் அது நீர்வளத்துறைக் கண்மாய், 2021 வரைக்கும் பொதுப்பணித்துறை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே அதுதான். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியக் கண்மாய். ஊருணி, குட்டை எல்லாம் கிராம ஊராட்சி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு, அங்கே பல கண்மாய்கள் ஜமீன் கண்மாயாக இருந்து 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் அரசுக்கு வந்தவை. இதெல்லாம் பராமரிப்பு யார் என்பதற்கான கணக்கு. கண்மாய் இருக்கும் நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு. அதில் அள்ளும் மண் கனிமவளத்துறைச் சட்டத்துக்குள் வருகிறது. மீன்பாசி ஏலம் ஒரு பக்கம், கரையில் நிற்கும் கருவேல மரம் வேறொரு பக்கம். ஒரே கண்மாய்க்கு நான்கைந்து அலுவலகம். மனு கொடுக்கப் போனவரை ஒவ்வொருவரும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டி அனுப்புவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

சட்டமும் இதே மாதிரிதான் பிரிந்து கிடக்கிறது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஏரியை அளக்க வேண்டும், எல்லை குறிக்க வேண்டும், ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அது பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டம். ஒன்றியக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் இன்றைக்கும் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான், தாலுகா ஆபீஸில் "செவன் நோட்டீஸ், சிக்ஸ் நோட்டீஸ்" என்பார்களே, 7-வது பிரிவில் விளக்கம் கேட்டு 6-வது பிரிவில் அகற்றுவது, அதுதான். "இது எங்கள் ஏரி இல்லை, 2007 சட்டம் பொருந்தாது" என்று ஒரு அதிகாரி எழுதிக் கொடுத்தால் மனம் விட்டுவிடாதீர்கள். 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகுதான் அந்தச் சட்டமே வந்தது. ஏரி யார் பராமரிப்பில் இருந்தாலும் ஆக்கிரமிப்பை அகற்றியே ஆக வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2015-ல் முழு அமர்வும் உறுதி செய்திருக்கிறது.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன். ஏ-பதிவேடு என்று கேளுங்கள். கிராமத்தில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணும் பட்டாவா, புறம்போக்கா, புறம்போக்கென்றால் என்ன வகை என்று அதில் இருக்கும். சர்வே எண் தெரிந்தால் அரசு இணையதளத்திலேயே ஏ-பதிவேட்டு விவரம் பார்க்கலாம். அடுத்து அந்த சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம், அப்புறம் கிராம வரைபடம். வரைபடத்தை விரித்துவைத்து ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்கி எந்தெந்த சர்வே எண் வழியாக வருகிறது என்று அவர் விரல் வைத்துக் காட்டிவிடுவார். எண்பதுகளில் நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவில் தவறுதலாகப் பட்டாவாக ஏறிப்போன ஓடைகள் உண்டு, அதனால் யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கண்மாயை விட்டுவிட்டு வரத்துக்காலை மட்டும் மூடியவர்களால் செத்துப்போன கண்மாய்தான் நான் பார்த்ததில் அதிகம்.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். மூன்று கண்மாய் உள்ள ஊர். நடுக் கண்மாயில் இரவு பகலாக மண் போகிறது. ஊரார் கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், "நமது கண்மாயில் மண் அள்ளுவதைத் தடுத்து நிறுத்த மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று. நான்கு மாதம் கழித்து வந்த பதிலில் ஒரே வரி, "எந்தக் கண்மாய் என்றும் புல எண்ணும் குறிப்பிடப்படவில்லை". அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஐந்து பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மண் அள்ளுபவருக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கோப்பு நகல் வாங்கிப் பார்த்தால், அதற்குள்ளும் ஒரு கிராம சபைத் தீர்மானம் இருக்கிறது! முந்தைய கூட்டத்தின் மினிட் புக் பக்கம். பதினோரு தீர்மானம் நீல மையில், செயலரின் உருண்டையான கையெழுத்தில் வரிசையாக வந்து, கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, முதல் கையெழுத்துக்கு மேலே, விட்டிருந்த இடத்தில் நான்கு வரி கறுப்பு மையில் நெருக்கி எழுதியிருந்தது, தீர்மானம் 12. இன்ன சர்வே எண், இத்தனை ஹெக்டேர், இத்தனை ஏர்ஸ் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு), வண்டல் மண் எடுத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை. அதற்கடியில் ஊர் மக்களின் கையெழுத்தும் ரேகையும். வந்த ஐவரில் வயதான ஒரு அம்மா அந்த ரேகையைத் தொட்டுப் பார்த்து, "இது எம் பேருதானப்பா, நான் தண்ணித் தொட்டிக்குல்ல வச்சேன்" என்றார்.

மண்ணை அள்ளியவர்கள் சர்வே எண்ணைத் துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். மண்ணைப் பறிகொடுத்தவர்கள் "நமது கண்மாய்" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வண்டல் மண் விதியைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது விவசாயிக்காக வந்த சலுகை. கண்மாயில் தேங்கிய வண்டலையும் கரம்பையையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள 1959-ம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகளில் இடமுண்டு. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத்துக்கு 60, வீட்டுத் தேவைக்கு 30 என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு டிராக்டருக்கு மூன்று கன மீட்டர் என்று போட்டால் நஞ்சை ஏக்கருக்கு 25 டிராக்டர். 2024-ல் விதியைத் திருத்தி, கலெக்டர் வரை அலையாமல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம். ஆனால் அனுமதி சுலபமான அளவுக்கு அதைக் கண்காணிப்பதும் ஊர்க்காரர்கள் தலையில் கூடியிருக்கிறது. இரண்டு ஏக்கர் நஞ்சைக்காரர் பெயரில் அனுமதி இருந்து, ஐம்பது டிராக்டரைத் தாண்டி டிப்பர் லாரி போய்க்கொண்டே இருந்தால், அதுவும் ஊர் எல்லையைத் தாண்டி நகரத்து மனைப்பிரிவுக்குப் போனால், அது வண்டல் இல்லை. வண்டல் மேலாகப் படிந்திருப்பது. பதினைந்து அடிக்குத் தோண்டி எடுப்பது சவுடும் கிராவலும். டிராக்டரையும் லாரியையும் எண்ணி, தேதி, நேரம், வண்டி எண் எழுதிவைத்த ஒரு பள்ளிக்கூட நோட்டு நாற்பது போட்டோவைவிட நீதிமன்றத்தில் நன்றாக நிற்கும்.

தீர்மானம் எழுதுவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். இலக்கணமாக எழுத வேண்டியதில்லை, விவரமாக எழுதினால் போதும். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இன்ன வட்டம், இன்ன கிராமம், சர்வே எண் இத்தனை, பரப்பு இத்தனை ஹெக்டேர் இத்தனை ஏர்ஸ், ஏ-பதிவேட்டில் கண்மாய் எனப் பதிவான நடுக் கண்மாயையும், சர்வே எண்கள் இவை வழியாக வரும் அதன் வரத்துக்காலையும், வட்ட நில அளவர் அளந்து எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்புகளை 1905-ம் ஆண்டு சட்டப்படி அகற்றித் தருமாறு வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்ள இந்தக் கிராம சபை தீர்மானிக்கிறது." யாரிடம் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பது அதிலேயே இருக்கிறது. எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம்கூட விடக் கூடாது, குறுக்கே கோடு போட்டு "மொத்தம் 11 தீர்மானங்கள்" என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிய பிறகுதான் கையெழுத்து. அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துவிடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் போடாதீர்கள்.

குப்பைக்கும் கழிவுநீருக்கும் இதே கதைதான், அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகராட்சி வளரும்போது அதன் கழிவு போய்ச் சேரும் இடம் பக்கத்து ஊராட்சியின் ஓடையாக இருக்கிறது. செப்டிக் டேங்க் லாரி நகரத்தில் அள்ளி இரவு பதினொரு மணிக்கு வரத்துக்காலில் திறந்துவிட்டுப் போகிறது. 2014-லேயே கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது, 2022-ல் சட்டத்தைத் திருத்தி அந்த லாரிகளுக்கு உரிமத்தையும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் உரிமம் கொடுப்பது நகர்ப்புற அமைப்பு, நாற்றம் அனுபவிப்பது கிராமம். ஆகவே உங்கள் ஊராட்சி செய்ய வேண்டியது, லாரி எண்ணோடு உரிமம் கொடுத்த நகராட்சி ஆணையருக்கு எழுதி உரிமத்தை ரத்து செய்யக் கேட்பது, நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டப் பொறியாளருக்கு அனுப்புவது. டிரைவரைப் பிடித்து அடிப்பதால் உரிமம் ரத்தாகாது, நம் பையன்கள் மீது வழக்குதான் வரும். மருத்துவக் கழிவு கொட்டினால் விஷயம் இன்னும் கடுமை, 2025-ல் குண்டர் சட்டம் என்கிறோமே அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தையே திருத்தி அதில் சேர்த்துவிட்டார்கள்.

நிலத்தடி நீரில் நம் கையில் இருக்கும் சட்டம் மிகவும் மெலிந்தது. மாநிலம் முழுவதற்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-ல் நிறைவேறி, நடைமுறைக்கே வராமல் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. சென்னைப் பகுதிக்கு மட்டும் 1987-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் அரசாணைகளை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் அடைக்கும் கம்பெனி ஊருக்குள் வந்தால், எந்திரம் நிறுவ ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், ஊராட்சியின் கையில் இருக்கும் உருப்படியான பிடி அது ஒன்றுதான். கூடவே 2023-ல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் ஒன்றின் நிலத்துக்கு நடுவில் ஓடையோ குளமோ வந்தால் அதையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் அது. நீரின் கொள்ளளவு குறையக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. கொள்ளளவு இதுதான் என்று காட்ட ஊரிடம் அளந்த கணக்கு இல்லையென்றால் அந்த நிபந்தனையை எதை வைத்துப் பிடிப்பது?

"தலைவரே இல்லை, யாரிடம் போய்த் தீர்மானம் போடச் சொல்வது" என்று இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, சட்டத் திருத்தம் மூலம் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. 2016-லிருந்து 2019 வரையிலும் இப்படித்தான் இருந்தது. எனக்கு இது ஏற்புடையதே இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில்தான் இந்த மாதிரி ஆட்சேபணை இல்லாத் தீர்மானங்கள் முளைக்கின்றன என்பது என் அனுபவம். ஆனாலும் கிராம சபை கலையவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கூட்டம் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நீர்நிலைக்கென்றே வைத்த நாள் மாதிரி. குறைவெண் வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தீர்மானம் செல்லாது என்று பின்னால் மறுப்பார்கள்.

அந்த மூன்று கண்மாய் ஊரில் அனுமதி ரத்தாகிவிட்டது. தோண்டிய பள்ளம் அப்படியேதான் கிடக்கிறது, கண்மாய்க்கு வரும் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் மடைக்கு வருகிறது. போன மாதம் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து பதினேழு கல் நட்டுவிட்டுப் போனார், ஊர்ப் பிள்ளைகள் அத்தனைக்கும் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது வரத்துக்கால். அதில் பாதி பக்கத்து ஊராட்சிக்குள் ஓடுகிறது, இந்த ஊர்த் தீர்மானம் அங்கே செல்லாது. இரண்டு ஊருக்கும் தனி அலுவலர் ஒருவரே, அதனால் அடுத்த கிராம சபையில் ஒரே வாசகத்தை இரண்டு மினிட் புக்கிலும் எழுதுவது என்று பேசியிருக்கிறார்கள். அந்த வயதான அம்மா எல்லா சர்வே எண்ணையும் பேரனிடம் எழுதி வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாராம்.