பொய்ப்பெயர் மெய்ப்பெயரான விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென்னமெரிக்காவுக்குத் தப்பிய நாஜிக் குற்றவாளிகள் பலரிடம் இருந்தது கள்ளக் கடவுச்சீட்டு அல்ல. முறைப்படி வழங்கப்பட்ட அசல் பயண ஆவணம். அதில் இருந்த பெயர்தான் பொய்.

'10.100' என்ற அந்த ஆவணத்தைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1945-இல் அகதிகளுக்காகக் கொண்டுவந்தது. 1951 வரை ஏறத்தாழ 1,20,000 பேருக்குக் கிடைத்தது. நிபந்தனைகள் மூன்று: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருக்கக்கூடாது, இருக்கும் நாடு வெளியேற விட வேண்டும், போகும் நாடு விசா தர ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பெயரும் பிறந்த ஊரும்? பெரும்பாலும் சொன்னதுதான். பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோன காலம். ஒரு பாதிரியாரின் பரிந்துரைக் கடிதமே சாட்சியாகிவிடும். ரோமில் ஆயர் அலோய்ஸ் ஹூடல் தெரிந்தே அப்படி உதவினார்.

யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டை நடத்திய நாஜி அதிகாரி அடோல்ஃப் ஐக்மனின் தாள்களை வரிசையாக வைத்தால் சூட்சுமம் புரியும். 'ரிக்கார்டோ கிளெமென்ட்' என்ற பெயருக்கு அர்ஜென்டினாவின் இறங்கு அனுமதி 1948-லேயே தயார். அதைக் காட்டி 1950 ஜூன் 1-இல் ஜெனோவாவில் 10.100 வாங்கினார். அதைக் காட்டி அர்ஜென்டினா விசா. ஜூலை 14-இல் புவெனஸ் அயர்ஸில் கப்பலிலிருந்து இறங்கினார். ஒரு தாள் இன்னொன்றுக்குச் சாட்சி, அது திரும்ப இதற்கே சாட்சி. அந்த வட்டத்துக்குள் ஐக்மன் என்ற ஆள் எங்குமே வரவில்லை.

தாளில் புகைப்படமும் கைரேகையும் இருந்தன. ஆனால் இன்று வந்தவரும் அன்று விண்ணப்பித்தவரும் ஒருவரே என்பதைத்தான் ரேகை காட்டும். விண்ணப்பித்தவர் யார் என்பதைச் சொல்ல, பழைய ரேகை ஒன்றோடு ஒப்பிட வேண்டும்.

பிறந்த ஊராக ஐக்மன் போல்சானோவையும், ஆஷ்விட்ஸ் வதைமுகாம் மருத்துவர் யோசப் மெங்கலே தெர்மேனோவையும் காட்டினர். இரண்டும் இத்தாலியின் தெற்குத் திரோலில் உள்ளவை. ஹிட்லரும் முசோலினியும் செய்த 1939 உடன்பாட்டின்படி, அங்கே இத்தாலியை விட்டு ஜெர்மனியைத் தேர்ந்த ஜெர்மன்மொழியினர் போருக்குப்பின் நாடற்றவர்களாக நின்றார்கள். ஜெர்மன் பேசுவார்கள், ஆனால் ஜெர்மானியர் அல்லர். இதைவிட வசதியான வேடம் கிடைக்குமா?

உடம்பிலும் ஒரு தடயம் இருந்தது. நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸைச் சேர்ந்தவர்களின் இடது மேற்கையின் உட்புறத்தில் இரத்த வகை பச்சை குத்தப்பட்டிருக்கும். மெங்கலே குத்திக்கொள்ளவில்லை, 1945-இல் அமெரிக்கர்களிடம் சிக்கியும் வெளியே வந்தார். ஐக்மன் அதை அழித்தார், தழும்பு மிஞ்சியது.

வட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் உடைந்தது. ஐக்மனின் பிள்ளைகள் பழைய குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். துப்பு அங்கிருந்து கிளம்பி, 1960 மே 11-இல் அவர் பிடிபட்டார். மெங்கலேயின் துணிச்சல் வேறு ரகம்: 1956-இல் மேற்கு ஜெர்மனித் தூதரகம் வழியாகவே சொந்தப் பெயரை மீட்டார். கைது ஆணை 1959-இல்தான் பிறந்தது. அதன்பின் மறுபடி மறைந்தார்.

1979-இல் பிரேசில் கடலில் இறந்த அவரை வேறொருவர் பெயரில் புதைத்தார்கள். 1985-இல் தோண்டிய எலும்பின் டி.என்.ஏ.வை மகனின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, 1992-இல் அடையாளத்தை உறுதிசெய்தார்கள். அந்தச் சோதனைக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை.