தீயணைப்பு வீரர் லட்சம் டாலர் வாங்குகிறார் என்று கோபப்படும் முன்

பட்ஜெட் காலம் வந்தால் போதும், அமெரிக்காவில் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். சிட்டி ஊழியர்கள் போன வருடம் வாங்கிய மொத்தச் சம்பளம், பெயரோடு, பெரிய தொகையிலிருந்து சிறிய தொகை வரை. மேல்வரிசையில் தீயணைப்புத் துறைக்காரர்கள் சிலர் இருப்பார்கள். உடனே ஒருவர், "நான் ஐடில பதினஞ்சு வருஷமா இருக்கேன், எனக்கே இவ்வளவு வரல" என்பார். இன்னொருவர், "இதுக்கு மேல இன்னும் ஏத்தணுமாம், நம்ம பிராப்பர்ட்டி டாக்ஸ்ல" என்பார். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள்.

உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சம்பளப் படிநிலை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. தீயணைப்பு வீரர்கள், பாராமெடிக்குகள் (ஆம்புலன்ஸில் வரும் உயர்பயிற்சி மருத்துவ உதவியாளர்கள்), ஷெரிஃப் டெபுடிகள் (போலீஸ் பணி செய்பவர்கள்), 911 அவசர அழைப்பை எடுப்பவர்கள் எல்லாம் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரியாமல்தான் பெரும்பாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். சமீபத்தில் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கூப்பிட்டது. "போன வருஷம்தான் சம்பளம் ஏற்றினோம், அதற்கப்புறம்தான் அதிகம் பேர் போகிறார்கள்" என்று அதிகாரி பாவமாகச் சொன்னார். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதே கதையை இன்னும் எத்தனை ஊரில் பார்ப்பது! அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பட்டியலை முடித்துவிடலாம், ஏனென்றால் என் பொறுமையை அதிகம் சோதிப்பது அதுதான்.

பட்டியலில் இருப்பது மொத்தத் தொகை. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்க மாட்டார்கள். போட்டிருந்தாலும் பகிர்பவர் அந்தப் பத்தியை வெட்டிவிட்டிருப்பார். ஓவர்டைம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, பணம் வேண்டும் என்று ஒருவர் விரும்பிப் போய் உட்காரும் கூடுதல் நேரம். இங்கே பல நேரம் அப்படி இல்லை. தீயணைப்பு வண்டியின் இருக்கை காலியாக இருக்கக் கூடாது. எரியும் கட்டடத்துக்குள் இருவர் போனால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1710 தரநிலையும் ஒரு இன்ஜினுக்கு, அதாவது தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்பு வண்டிக்கு, குறைந்தது நால்வர் என்கிறது. அந்த நாலு இருக்கையும் தீபாவளியன்றும் நிரம்பியிருக்க வேண்டும், கிறிஸ்துமஸ் இரவு மூன்று மணிக்கும் நிரம்பியிருக்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள். ஒரு இருக்கைக்கு ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம். இருபத்துநாலு மணி நேர ஷிஃப்ட், நாற்பத்தெட்டு மணி நேர ஓய்வு என்ற பரவலான முறையில் ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக 56 மணி நேரம், வருடத்துக்கு 2,912 மணி நேரம் வேலை செய்கிறார். அப்படியானால் ஒரு இருக்கைக்கு மூன்று பேர். ஆனால் அவருக்கும் விடுமுறை உண்டு, காய்ச்சல் வரும், பயிற்சிக்குப் போக வேண்டும், குழந்தை பிறக்கும். இதற்கெல்லாம் வருடத்துக்கு 500 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு இருக்கைக்கு மூன்றரைக்கும் மேல் ஆட்கள் தேவை, ஒரு இன்ஜினுக்குப் பதினான்கு, பதினைந்து பேர். பட்ஜெட்டில் பன்னிரண்டு பதவிதான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதிலும் இரண்டு காலி என்றால் மிச்ச நேரத்தை யார் நிரப்புவது? வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நிற்பவரைப் பிடித்து, "இன்னைக்கும் நீயே இரு" என்பார்கள். மறுக்க முடியாது. மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. மகளின் பிறந்தநாளும் போச்சு, மனைவியின் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் போச்சு. அந்தக் கட்டாய நாட்களுக்கு வந்த பணம்தான் உங்கள் பட்டியலில் லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் 2022-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது. அந்த வேலையில் ஒரு நாள் கூடுதலாக நிற்பதற்குக் கிடைத்த பணத்தைப் பார்த்துத்தான் நாம் பொறாமைப்படுகிறோம்.

இதில் இன்னொரு கோணல் உண்டு. நமக்கெல்லாம் வருடச் சம்பளத்தை 2,080 மணி நேரத்தால் வகுத்துப் பழக்கம், அதாவது வாரம் 40 மணி நேரம். உதாரணத்துக்கு 58,240 டாலர் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஆபீஸில் இருப்பவருக்கு அது மணிக்கு 28 டாலர். 2,912 மணி நேரம் நிற்கும் தீயணைப்பு வீரருக்கு மணிக்கு 20 டாலர். சம்பளச் சீட்டில் இருப்பது ஒரே எண்தான். அப்புறம் சட்டம். உள்ளாட்சி ஊழியர்களுக்கும் மத்திய ஓவர்டைம் சட்டம் பொருந்தும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, சந்தோஷம். ஆனால் அதே சட்டத்தில் தீயணைப்பு வீரர்களுக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. 28 நாள் கணக்கு வைத்துக்கொள்ளும் துறையில் 212 மணி நேரம் தாண்டினால்தான் ஒன்றரை மடங்கு தர வேண்டும், அதாவது வாரத்துக்கு 53 மணி நேரம். போலீஸுக்கு 171 மணி நேரம். மற்ற ஊழியர்களுக்குப் பொதுவாக நாற்பதிலேயே தொடங்குவது அவர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. (தீயணைப்பில் ஈடுபடாமல் ஆம்புலன்ஸ் மட்டும் ஓட்டும் பாராமெடிக்குகளுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது, அவர்களுக்கு நாற்பதுதான். இதைக் குழப்பிக்கொண்டு வழக்கில் மாட்டும் நிர்வாகங்கள் உண்டு. அது தனிக் கதை.)

சரி, அந்தக் கவுண்டிக்கு வருவோம்.

ஆள் கிடைக்கவில்லை என்று அவர்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆரம்பச் சம்பளத்தை ஏற்றினார்கள். விளம்பரத்தில் பெரிய எண் போட்டார்கள், விண்ணப்பங்கள் வந்தன, கவுன்சிலில் கை தட்டினார்கள். அவர்களுடைய எண்களைச் சொல்ல மாட்டேன், மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: புதிதாகச் சேர்பவருக்கு 48,000 இருந்தது 54,000 ஆனது. ஆறு வருடம் வேலை பார்த்து, பாராமெடிக் உரிமமும் வாங்கி, புதியவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறவர் 55,500-இலேயே இருக்கிறார். ஆறு வருடத்தின் மதிப்பு 1,500 டாலர் என்று நிர்வாகமே அவருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து சிட்டி, அனுபவக்காரரை அவர் அனுபவத்துக்கேற்ற படியிலேயே எடுத்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் லேட்டரல் என்போம். அகாடமி வேண்டாம், அடிப்படைப் பயிற்சி வேண்டாம், சீருடையை மாற்றிக்கொண்டு அடுத்த மாதமே வண்டியில் ஏறலாம். அவர் ஏன் போக மாட்டார்?

நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நட்ட வயலைக் காயப்போடும் விவசாயி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? உள்ளாட்சிகள் வருடா வருடம் இதைச் செய்கின்றன. ஆரம்பச் சம்பளம் ஆள் சேர்க்கும், ஆளைத் தக்கவைக்காது. தக்கவைப்பது நடுப்படி, அதாவது சம்பளப் படிநிலையின் நடுப்பகுதி. ஐந்தாவது வருடத்திலிருந்து பத்தாவது வருடம் வரை இருப்பவர்தான் நமக்குச் செலவு வைத்துத் தயாரானவர், இன்னும் இருபது வருடம் உழைக்கக்கூடியவர், பக்கத்து ஊர் கண் வைப்பதும் அவர்மேல்தான். அவர் போனால் காலியிடம், காலியிடத்தால் கட்டாய ஓவர்டைம், அதைத் தாங்க முடியாமல் இன்னொருவர் போவார். மிஞ்சியிருப்பவர்களின் ஓவர்டைம் தொகை வீங்கி, வாட்ஸ்அப் பட்டியலில் ஏறும். அதைப் பார்த்து நாம் சம்பள உயர்வை எதிர்த்துப் பேசுவோம்.

"பென்ஷன் இருக்கிறதே, அது பிடித்து வைக்காதா?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் வைத்தது. கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள், 2013-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பென்ஷன் கணக்கே வேறு, பழையவர்களை விடக் குறைவு. அதோடு ஒரே ஓய்வூதிய அமைப்பில் இருக்கும் சிட்டிகளுக்கிடையே மாறினால் பென்ஷன் தொடர்ச்சி அறுவதில்லை. பென்ஷனை நம்பி உட்கார்ந்திருக்கும் நிர்வாகம் கொஞ்சம் விழித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது போனஸ். கொரோனாவுக்குப் பின் 2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் கொடுத்தது. பல இடங்களில் அதிலிருந்து ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை போனது. கஷ்ட காலத்தில் உழைத்தவர்களுக்குக் கொடுத்தது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தக்கவைப்புத் திட்டம் என்று பெயர் வைத்து அழைத்ததுதான் தப்பு. அந்தப் பணத்தை எதற்கென்று உறுதிசெய்யும் கெடு 2024 டிசம்பரோடு முடிந்தது. ஒருமுறை வந்த பணம் ஒருமுறைதான் செலவாகும். போனஸ் வாங்கிய ஆள், நிபந்தனைக் காலம் முடிந்த மறுநாள் ராஜினாமா கொடுத்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? போனஸ் படிநிலையில் ஏறாது, பொதுவாக பென்ஷன் கணக்கிலும் பெரிதாக உதவாது. நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை: இன்ன காலம் இருந்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்த போனஸை ஓவர்டைம் விகிதத்திலும் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு வட்டியும் முதலுமாக வக்கீலுக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

911 அழைப்பை எடுத்து வண்டியை அனுப்பும் டிஸ்பேட்சர்களைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. குழந்தை மூச்சுவிடவில்லை என்று அலறும் தாய்க்கு, வண்டி வருவதற்குள் போனிலேயே முதலுதவி சொல்லிக் கொடுப்பவர் அவர். மத்திய அரசின் தொழில் வகைப்பாட்டில் அவர் அலுவலக உதவியாளர் பிரிவில் கிடக்கிறார். சம்பள ஆய்வில் அவரை கிளார்க்கோடு ஒப்பிட்டு எண் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த ஒப்பீட்டை நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் பக்கமும் இதே அழகுதான். மத்திய தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே கணக்கில் அடிப்படை மருத்துவ உதவியாளர் ஒருவரின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 38,930 டாலர், பாராமெடிக்குக்கு 53,180. கிடங்கில் பெட்டி தூக்கினால் அந்த முதல் எண்ணுக்குப் பக்கத்தில் கிடைக்கும், இரவில் தூங்கவும் செய்யலாம்.

பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. டெக்ஸாஸில் 2019 சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான சிட்டிகளும் கவுண்டிகளும் ஏற்கெனவே இருக்கும் சொத்துகளிலிருந்து வரும் நிர்வாகச் செலவு வரியை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் 1978 முதல், சொத்து கை மாறாத வரை, வரிக்காகக் கணக்கிடும் சொத்து மதிப்பே பொதுவாக வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கவுன்சில்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் காரணம். அதனால்தான் இருக்கும் பணத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். எல்லோருக்கும் 3 சதவீதம் என்று தூவிவிடுவதை விட, அதே தொகையில் நடுப்படிகளை நிமிர்த்துவதும் காலியிடங்களை நிரப்புவதும் பல இடங்களில் அதிகம் பலன் தரும். "ஓவர்டைமை வெட்டுங்கள்" என்று மைக்கில் முழங்குபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆள் எடுக்காமல் ஓவர்டைமை மட்டும் வெட்டினால், அன்றைக்கு ஒரு இன்ஜினைச் சேவையிலிருந்து எடுத்து நிறுத்துவார்கள். பிரவுன்அவுட் என்பார்கள். அது உங்கள் தெருவுக்குப் பக்கத்து நிலையத்தின் இன்ஜினாகவும் இருக்கலாம்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் விலகியவர்கள் எத்தனையாவது வருடத்தில் விலகினார்கள், எங்கே போனார்கள்? ஒதுக்கிய பதவி எத்தனை, இன்றைக்குக் காலி எத்தனை? போன வருட ஓவர்டைமில் கட்டாயமாகப் போட்டது எவ்வளவு? புதியவருக்கும் ஏழு வருட அனுபவக்காரருக்கும் அடிப்படைச் சம்பள வித்தியாசம் என்ன, பக்கத்து ஊரில் அது என்ன? இந்த உயர்வு அடுத்த வருடமும் வரும் வருமானத்திலிருந்தா, ஒருமுறை வந்த மானியத்திலிருந்தா? பதில் இல்லை என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வட கரோலினாவில் இருப்பவர்கள் கட்டாயம் போங்கள். அங்கே அரசு ஊழியர் சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் போடச் சட்டத்திலேயே இடமில்லை, கூட்டத்தில் குடியிருப்போர் பேசுவதற்குத் தனி மதிப்பு உண்டு.

பட்டியலைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், வேலை செய்த மணி நேரம் மூன்றையும் சேர்த்துப் பகிருங்கள். பெயர்களை எடுத்துவிடுங்கள், அவர்கள் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும் ஊர்களில் பட்ஜெட் கூட்டங்கள் பொதுவாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும். அக்டோபர் 1-இல் தொடங்கும் ஊர்களில் ஆகஸ்ட், செப்டம்பர். தேதியும் வரைவு பட்ஜெட்டும் சிட்டி இணையதளத்தில் இருக்கும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், 911 மூன்றும் பெரும்பாலும் தனித்தனிப் பக்கங்களில் வரும், ஆம்புலன்ஸ் சில இடங்களில் கவுண்டி பட்ஜெட்டில் இருக்கும். கூட்டத்துக்கு முந்தைய வாரமே படித்துவிடுங்கள். பேசக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நிமிடம்தான்.