எலிஜிபிலிட்டி: ‘தகுதி’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் தகுதித் தேர்வு, நீட் இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் எலிஜிபிலிட்டி என்ற சொல் இருக்கிறது. அதனால் நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மதிப்பெண்தான் நினைவுக்கு வரும். விழுந்து விழுந்து படித்து, ஒரு கோட்டைத் தாண்டிப் பெறுவது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அதே சொல்லுக்கு வேறு வாழ்க்கை. அங்கே அது அணிக்குள் நுழையும்போதே வீரரின் கைக்கு வந்துவிடும். அப்புறம் ஆண்டுக்கணக்கில் அதை நழுவவிடாமல் காக்க வேண்டும். பாடச் சுமையைக் குறைத்துக்கொண்டால் போகும். ஏஜென்டிடம் காசு வாங்கினால் போகும். ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டினால் போகும். அப்படி இழந்தவரை ‘இன்எலிஜிபிள்’ என்று அறிவிப்பார்கள். அகராதியைப் பார்த்து எழுதினால் தமிழில் ‘தகுதியற்றவர்’.

அந்த இடத்தில் எனக்குக் கை தயங்குகிறது. ஏன் என்று சொல்ல ஒரு ஜெர்சியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் ஏ.ஜே. கிரீன் என்றொரு வீரர் இருந்தார். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல, கையால் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. 2009 டிசம்பரில் இண்டிபெண்டன்ஸ் பௌல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் தான் போட்டிருந்த ஜெர்சியை அவர் 1,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் ஏஜென்ட் என்ற வகைக்குள் வருகிறவர் என்று கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்சிஏஏ முடிவு செய்தது. 2010 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் கிரீன் இறங்கக் கூடாது, அந்த 1,000 டாலரை அறப்பணிக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அந்த நான்கில் ஜார்ஜியா வென்றது ஒன்றுதான். ரசிகர்கள் ‘ஃப்ரீ ஏ.ஜே.’ என்று அச்சடித்த பனியன்களைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சிறையில் இருப்பவருக்குக் கேட்கும் விடுதலையை ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டார்கள். அவர் அணிந்த 8ஆம் எண் ஜெர்சியைக் கடைகள் அதே நாட்களில் விற்றுக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் விற்கலாம், போட்டு ஆடியவன் விற்கக் கூடாதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

கிரீன் தகுதியற்றவரா? தடை முடிந்து வந்த முதல் ஆட்டத்திலேயே, கொலராடோவுக்கு எதிராக, ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்து அவர் எடுத்த டச்டவுனை (அந்த ஆட்டத்தின் கோல்) பார்த்தவர்கள் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாடு முழுவதிலும் நான்காவதாக எடுக்கப்பட்டவர் அவர்.

சொல்லின் வேர் இங்கே உதவுகிறது. லத்தீனில் ‘லெகெரே’ என்றால் பொறுக்கு, திரட்டு, படி. முன்னால் ‘வெளியே’ என்று பொருள்படும் ஒட்டு சேர்ந்தால் ‘எலிகெரே’, அதாவது பலவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்பது. எலெக்‌ஷனும் எலீட்டும் இதன் உடன்பிறப்புகள். இதிலிருந்து பிற்கால லத்தீனில் ‘எலிகிபிலிஸ்’ வந்தது. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘எலிஜிபிள்’ ஆக நுழைந்தது. நேர்ப்பொருள் ‘பொறுக்கி எடுக்கத் தக்கது’. கவனித்தால், அந்தச் சொல்லுக்குள் இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார். எடுப்பவர் அவர். ‘இன்எலிஜிபிள்’ என்றால் எடுப்பவர் வகுத்த விதிப்படி இப்போது இவரை எடுக்க முடியாது, அவ்வளவுதான். ஆளின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

தமிழில் ‘தகு’ என்ற வினை வேறு வகை. தகும், தகாது, தக்கது, தகாத பேச்சு, தகவு, தகைமை எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. இவை பொருந்துவதைச் சொல்கின்றன, அதோடு ஆளின் உள்ளே இருக்கும் தரத்தையும் சொல்கின்றன. இலங்கையில் கல்வித் தகைமை என்று எழுதுகிறார்கள், நாம் கல்வித் தகுதி என்கிறோம். இரண்டும் அந்த ஆளே ஈட்டியது. ஆகவே ‘தகுதியற்றவர்’ என்று எழுதிய உடனே குறை ஆளின்மேல் ஏறிவிடுகிறது. எந்த விதியை மீறினார் என்பது மறைந்து, இவர் எப்படிப்பட்டவர் என்பதற்கான தீர்ப்பாக அது மாறிவிடுகிறது.

ஆனால் தகுதி என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. இந்த விஷயத்தில் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. குறளில் நடுவு நிலைமை அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: ‘தகுதி எனவொன்று நன்றே பகுதியால் பாற்பட்டு ஒழுகப் பெறின்.’ இந்த 111ஆம் குறளில் தகுதி என்றால் நடுவுநிலைமை. அதாவது தீர்ப்புச் சொல்கிறவரிடம் இருக்க வேண்டிய குணம். ‘பகுதி’ என்பதற்குப் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என்ற மூன்றையும் சொல்கிறார். பகைவர், அயலார், நண்பர் மூவரிடத்தும் ஒரே முறையில் நடப்பதுதான் தகுதி. அதே அதிகாரத்தில் வரும் ‘தக்கார் தகவிலர்’ என்பதும் நடுவுநிலைமை உடையவர், இல்லாதவர் என்பதுதான். (கோயில் நிர்வாகத்துக்கு அறநிலையத்துறை நியமிக்கும் ‘தக்கார்’ இந்தச் சொல்லின் இன்றைய வாரிசு.)

கல்லூரி வீரர் ஒருவர் தண்டிக்கப்படும்போது ரசிகர்கள் பிரிவதும் இந்த மூன்று பகுதியாகத்தான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்த்தால் மூவரையும் ஒரே இடத்தில் காணலாம்.

2010 டிசம்பர். டெரல் பிரையர் உள்ளிட்ட ஐந்து வீரர்கள் தங்கள் பரிசுப் பொருட்களை ஒரு பச்சை குத்தும் கடைக்காரரிடம் விற்றும், மலிவு விலையில் பச்சை குத்திக்கொண்டும் இருந்தது வெளியே வந்தது. விற்றவற்றில் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் சாம்பியன் மோதிரங்கள் இருந்தன, ‘தங்கக் கால்சட்டை’யும் இருந்தது. அது விரல் நுனி அளவுள்ள பதக்கம். பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்தை வெல்லும் ஆண்டில் மட்டும் ஒஹாயோ வீரர்களுக்குக் கிடைக்கும். 1934ல் பயிற்சியாளராக வந்த ஃபிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து பிறந்த வழக்கம். ஐவருக்கும் அடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டத் தடை. ஆனால் பன்னிரண்டு நாள் தள்ளி நடக்கவிருந்த சுகர் பௌலில் ஆடலாம். ஆடினார்கள், ஆர்கன்சாவை 31-26 என்று வென்றார்கள்.

நட்பின் பக்கம் இரண்டு குரல்கள் எழுந்தன. உழைத்துப் பெற்ற பொருள், விற்றால் யாருக்கு நட்டம் என்பது ஒன்று. தங்கக் கால்சட்டையை விற்க எப்படி மனம் வந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது குரலுக்கு என்சிஏஏ விதி பொருட்டே அல்ல. அதன் வலி வேறு: மிச்சிகனை வென்ற நினைவு விலைக்குப் போய்விட்டதே. பகையின் பக்கம், மிச்சிகன் ரசிகர்களுக்குப் பச்சை குத்துவது பல ஆண்டுகளுக்குப் போதுமான கிண்டல் ஆயிற்று. நொதுமலர் கேட்டதுதான் குறளுக்கு மிக அருகில் நின்ற கேள்வி: செப்டம்பரில் சிறிய அணிகளோடு ஆட முடியாத அளவு குற்றம் என்றால், ஜனவரியில் கோடிக்கணக்கில் வருமானம் தரும் ஆட்டத்தில் மட்டும் எப்படி ஆடலாம்? அந்த வீரர்களுக்கு விதி சரியாகச் சொல்லித்தரப்படவில்லை என்று என்சிஏஏ காரணம் சொன்னது. அந்தப் பதில் யாரையும் சமாதானப்படுத்தவில்லை, என்னையும்தான்.

பிறகு நடந்தது இன்னும் கடுமை. எல்லாம் முன்பே தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரஸ்ஸல் 2011 மே 30 அன்று பதவி விலகினார். 2010 வெற்றிகள் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டன. 2012ல் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குத் தடை. அந்த ஆண்டு அணி 12க்கு 12 வென்றும் பட்டத்துக்கு ஆட வழியில்லாமல் நின்றது. அதே 2012 நவம்பரில், 2002 சாம்பியன் அணிக்கு நடந்த பாராட்டில் பழைய வீரர்கள் டிரஸ்ஸலைத் தோளில் தூக்கினார்கள், அரங்கம் ஆரவாரித்தது. அமைப்பு தீர்ப்பெழுதலாம், சொந்த ஊர் ரசிகர்கள் தங்கள் தீர்ப்பைத் தனியே வைத்திருப்பார்கள்.

இந்த விதிகளின் பின்னால் இன்னொரு சொல் நிற்கிறது: அமெச்சூர். அமெச்சூர் நாடகக் குழு என்று நமக்குப் பழகிய சொல்தான். லத்தீனில் ‘அமாத்தோர்’ என்றால் நேசிப்பவர். பிரெஞ்சில் விருப்பத்துக்காகச் செய்பவர் ஆனது. அப்புறம் விளையாட்டு அமைப்புகளின் கையில் காசு வாங்காதவர் என்று சுருங்கியது. தமிழில் ‘பயில்முறை’ என்று எழுதுகிறோம், தொழில்முறைக்கு எதிரிணையாக அது நன்றாகவே நிற்கிறது. இந்தச் சுருக்கம் பலி வாங்கியவர்களில் பெரியவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் தொழிற்பள்ளியின் மாணவர், சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். 1909லும் 1910லும் சிறு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியது தெரிந்ததும் 1913ல் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அந்நாளில் கல்லூரி வீரர்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடிச் சம்பாதித்துத் தப்பினார்கள். தோர்ப் தன் பெயரிலேயே ஆடியிருந்தார். ஆட்சேபத்தை 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும் என்ற விதியும் அவருக்காக மதிக்கப்படவில்லை. 1953ல் அவர் இறந்தார். தனி வெற்றியாளர் என்ற இடம் முழுமையாகத் திரும்பி வந்தது 2022ல். தகுதியற்றவர் என்ற சொல்லை இவர் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு தவறு என்று தெரியும்.

2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயராலும் உருவத்தாலும் சம்பாதிக்கலாம் என்று என்சிஏஏ இறங்கி வந்தது. கையெழுத்து விற்பது குற்றமில்லை என்றானது. ஒஹாயோவின் ஐவரும் அந்த மாதமே தங்கள் பதிவுகளைத் திருப்பிக் கேட்டார்கள். தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வீரர் ரெஜி புஷ் 2010ல் இழந்த ஹைஸ்மன் விருது, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தருவது, 2024 ஏப்ரலில் அவரிடம் திரும்பியது. ஆள் மாறவில்லை, தகுதியும் மாறவில்லை. எடுப்பவரின் விதி மாறியது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்?

முதலில், இந்தச் சொல் அங்கே இரண்டு வேலை செய்கிறது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று நிலை: இப்போது ஆடலாமா, கூடாதா. இதற்கு நான் ‘களத்தகுதி’ என்று எழுதுகிறேன். ‘களம்’ முன்னால் நிற்பதால் தீர்ப்பு அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆளின்மேல் ஏறுவதில்லை. களத்தகுதி இழந்தார், களத்தகுதி மீண்டார் என்று வினையோடும் சேரும். ‘ஆட்ட உரிமை’ என்று சிலர் எழுதலாம். உரிமை என்றால் பறிக்க முடியாதது என்ற எண்ணம் வந்துவிடும், ஆனால் இதுவோ நிபந்தனையோடு கிடைப்பது. அதனால் எனக்கு அது ஒட்டவில்லை.

இரண்டாவது வேலை கணக்கு. முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது நெடுநாள் விதி. ‘இன்னும் இரண்டு ஆண்டு எலிஜிபிலிட்டி மிச்சம்’ என்று அங்கே சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். இதை ‘இரண்டு ஆண்டுத் தகுதி’ என்று எழுதினால் தமிழில் பொருளே வராது. ‘ஆடுகாலம்’ என்றால் உடனே விளங்கும். இப்போதைய சண்டைகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். வாண்டர்பில்ட் அணியின் டியேகோ பேவியா, இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய பருவங்களைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். 2024 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்திய அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர். அந்த டிசம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் இடைக்கால ஆணை தந்தது. வாண்டர்பில்ட் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். மற்ற ஊர்க்காரர்கள், கல்லூரி ஆட்டம் எத்தனை ஆண்டுக்குத்தான் நீளும் என்று கேட்டார்கள்.

‘தகுதி நீக்கம்’ வேறு சொல், அதை இங்கே இழுக்க வேண்டாம். 2017ல் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்ததும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடுதல் எடைக்காக வினேஷ் போகட் இறுதிப் போட்டிக்கு முன் வெளியேற்றப்பட்டதும் அந்தச் சொல்லுக்கு உரியவை. அங்கே போட்டியிலிருந்தோ பதவியிலிருந்தோ ஆள் வெளியே அனுப்பப்படுகிறார். களத்தகுதி இழந்தவர் அணியிலேயே இருப்பார், பயிற்சிக்கு வருவார், ஓரத்தில் நின்று கைதட்டுவார். ஆட்டத்தில் இறங்க மட்டும் முடியாது.

ஆக, கிரீன் 2010ல் நான்கு ஆட்டங்களுக்குக் களத்தகுதி இழந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் மீண்டார். பேவியாவுக்கு 2025ல் ஆடுகாலம் ஓராண்டு கூடியது.