தண்ணீர் தடைப்படும் நாட்களில் குடிநீரைக் காப்பது

குழாய்நீர் சில நாட்களுக்கு வராது என்று அறிவித்தல் வந்தாலோ, மாரிமழையில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டாலோ, தண்ணீருக்கு எங்கே போவது என்பதே எங்கள் வீடுகளில் முதலில் எழும் கேள்வி. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக யாழ்ப்பாணத்து வளவுகளுக்குள் சென்றுவரும் எனக்கு, அதற்கு அடுத்த கேள்விதான் கூடுதலான கவலையைத் தருகிறது. கொண்டுவந்த தண்ணீரை எதில், எப்படி வைத்திருக்கிறோம்? படலை வரைக்கும் நல்ல நீராக வந்தது, குடிப்பதற்கு முன்னரே வீட்டுக்குள் கெட்டுப்போவதை அடிக்கடி காண்கிறேன். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் அந்தச் சிறிய இடைவெளிக்குள்ளும் புகுந்துவிடுகின்றன.

பவுசரில், அதாவது தண்ணீர்த் தாங்கி வண்டியில், வரும் நீரை எடுத்துக்கொள்வோம். முறையாகக் குளோரின் இடப்பட்ட நீரில், கிருமியைக் கொன்றபின்னும் லீற்றருக்கு ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். பிற்பாடு சேரக்கூடிய அழுக்கிலிருந்து நீரைக் காப்பது அந்த மிச்சமே. கிணற்று நீரின் சுவைக்குப் பழகிய எங்களுக்கு அந்த மணம் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மணம் போகட்டும் என்று வாளியை முற்றத்தில் திறந்து வைப்பவர்கள், காவலை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறார்கள். பவுசர் நீரில் மணமே இல்லையென்றால், அதைக் குளோரின் இல்லாத நீராகக் கருதிக் கொதிக்க வைப்பதே நல்லது.

கடைகளில் கானில் வாங்கும் சுத்திகரித்த நீரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் அதைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். நுண்ணிய சவ்வினூடாக நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. முறை உப்பையும் நைத்திரேற்றையும் பெருமளவு குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நீரில் எஞ்சிய குளோரின் இருப்பதில்லை. உட்புறம் வழுக்கும் பழைய கானில் அதை நிரப்பி, வெயில் படும் இடத்தில் நாட்கணக்கில் வைத்தால், கிருமி பெருகுவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. கானின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால், சவர்க்காரமிட்டுத் தேய்த்து, கொதிநீரோ குளோரின் நீரோ விட்டு அலசிய பின்னரே மீண்டும் நிரப்புங்கள்.

வீட்டில் வைத்திருக்கும் பாத்திரம் ஒடுங்கிய வாயுள்ளதாக, மூடியுள்ளதாக, முடிந்தால் அடியில் குழாய் பூட்டியதாக இருக்கட்டும். அகன்ற வாயுள்ள வாளிக்குள் செம்பை அமிழ்த்தி எடுக்கும் பழக்கமே பெரும் தீங்கு செய்கிறது, ஏனெனில் செம்போடு விரல்களும் நீருக்குள் போகின்றன. மலசலகூடம் போய்வந்த குழந்தையும், மீன் வெட்டிக்கொண்டிருந்த தாயும், வெளியிலிருந்து வந்த விருந்தினரும் அதே வாளியில்தான் அள்ளுகிறார்கள். குழாய் பூட்டிய பாத்திரம் இல்லாவிட்டால், நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்றைக் குடிநீருக்கென்றே ஒதுக்கி, அதை நிலத்தில் வைக்காமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான நாட்களில் கை கழுவுவதைத்தான் முதலில் குறைக்கிறோம். குறைக்கவே கூடாதது அதுதான்.

கொதித்தாறிய நீர் என்பது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. நீர் நன்றாகக் குமிழிவிட்டுப் பொங்கி ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமிகள் இறந்துவிடும். விறகையும் காஸையும் வீணாக்கி நெடுநேரம் கொதிக்கவிடத் தேவையில்லை. கொதித்த பாத்திரத்திலேயே மூடியபடி ஆறவிடுவது முக்கியம். ஆற்றுவதற்காகப் பச்சைத்தண்ணீர் கலப்பதும், கழுவாத போத்தலில் ஊற்றுவதும் கொதிக்க வைத்த பயனையே இல்லாமல் செய்துவிடும். கலங்கல் நீரைச் சீனக்காரமோ தேற்றாங்கொட்டையோ தெளிய வைக்கும். அது நல்ல முதற்படி. ஆனால் தெளிந்த நீரைப் பின்னர் கொதிக்க வைக்கவோ குளோரின் இடவோ வேண்டும்.

கொதிக்க வைப்பதால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லையுண்டு. உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவைக் கூட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறைய, நைத்திரேற்று அப்படியே தங்கிச் செறிவு கூடுகிறது. இது கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடியது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பால்மா கரைத்தே ஆகவேண்டிய வீட்டார் தங்கள் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். உப்பும் எண்ணெயும் கொதியால் நீங்குவதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தை அனுபவித்த மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெள்ளம் புகுந்த கிணறு வேறு விதமான கவனத்தைக் கேட்கிறது. மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிகட்டப்பட்டு இறங்கும். எங்கள் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் வழியாக அது நேரே ஓடிவிடும். ஆகவே மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி விட்டிருக்கிறோம் என்பது மழைக்காலத்தில் முழுப் பாதுகாப்பாகாது. நீர் பளிங்காகத் தெரிவதும் சான்றாகாது. வழமையான குளோரின் இடலுக்கு 1000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல குளோரின் தூள் போதும். மூன்று மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர் இருக்கும். அதற்கு 35 கிராம் தூளை வாளியில் கரைத்து, தூளிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல்நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணித்தியாலமாவது விடவேண்டும். வெள்ளம் கண்ட கிணற்றுக்கு இதைவிடக் கூடிய அளவு தேவை என்பதால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்து அவர்கள் மூலம் செய்விப்பதே சரி. திறந்து கிடந்த பழைய தூள் வலுவிழந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கரையோரத்திலும் தீவுகளிலும் உள்ளவர்கள் கிணற்றை முழுதாக இறைத்து வெளியேற்ற முற்படக்கூடாது. அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறிவிடும், பிறகு மாதக்கணக்கில் அந்தக் கிணறு குடிக்க உதவாது. எரிபொருளில் இயங்கும் இயந்திரத்தை எந்தக் கிணற்றுக்குள்ளும் இறக்க வேண்டாம். அதன் புகை உள்ளே இறங்குபவரின் உயிரைப் பறிக்கும்.

தடைப்பட்ட குழாய்நீர் திரும்ப வரும்போது, முதலில் வரும் நீரைக் குடிக்க எடுக்காமல், தெளியும் வரை மரங்களுக்கு விடுங்கள். அழுத்தம் குறைந்திருந்த நேரத்தில் பொருத்துகளின் கசிவு வழியாக வெளிநீர் உள்ளே இழுபட்டிருக்கலாம். இதே காரணத்தால், பிரதான குழாயில் மோட்டார் பூட்டி இழுப்பவர் தன் வீட்டுக்கு மட்டுமல்ல, அயல்வீடுகளுக்கும் அழுக்கை வரவழைக்கிறார்.

இவ்வளவுக்குப் பின்னும் வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளில் ஒரு பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குழந்தை சோர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் நோய் கண்டால் எங்களுக்கும் அன்றே அறிவியுங்கள்.