ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பி ஃபெர்மென்டருக்குள் (நொதித்தல் தொட்டிக்குள்) இறங்காதீர்கள்

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளில் பாதுகாப்புப் பணி பார்ப்பவன் நான். அங்கே தீக்கு அஞ்சுகிற அளவுக்கு, ஈஸ்ட் வெளியிடும் வாயுவுக்கு எவரும் அஞ்சக் காணோம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 400 லிட்டருக்கும் மேல் வாயு வெளிவருகிறது என்பது இதன் பொருள். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான இந்த வாயு, தொட்டியின் அடியிலும் பம்புக் குழிகளிலும் நிறமின்றித் தங்கிவிடும்.

அடர்ந்த சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லிலுள்ள நீரை வெளியே இழுத்து அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், தொடர் நொதித்தலில் ஈஸ்ட் தின்னும் வேகத்துக்கு ஈடாகப் பாகைச் செலுத்தி, தொட்டிக்குள் சர்க்கரை மிகாமல் பார்த்துக்கொள்கிறோம். பாகை முன்கூட்டியே அதிகம் நீர்க்க வைக்க வேண்டியதில்லை, கழிவுநீரும் குறையும். நல்ல முறைதான். ஆனால் ஒரு தொட்டியைக் கழுவுவதற்காகத் தனியே பிரிக்கும்போதும் மற்ற தொட்டிகள் நொதித்துக்கொண்டேயிருக்கும். எல்லாவற்றின் வாயுவும், அதை நீரால் கழுவும் ஸ்கிரப்பருக்குப் போவது பெரும்பாலும் ஒரே பொதுக்குழாய் வழியாகத்தான். வால்வு சற்றே கசிந்தாலும் பக்கத்துத் தொட்டியின் வாயு காலியான தொட்டிக்குள் இறங்கிவிடும். ஆகவே வால்வை மூடினால் போதாது, குழாயை முழுதாக அடைக்கும் பிளைண்ட் தகடு போட்டாக வேண்டும்.

இனி மீட்டருக்கு வருவோம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கருவி அலறும். தொட்டியில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால், 20.9 சதவீத ஆக்சிஜன் 19.9 வாக்கில்தான் குறைந்திருக்கும். கருவி வாய் திறக்காது. ஆனால் கார்பன் டை ஆக்சைடில் உயிருக்கு உடனடி ஆபத்து என வகுக்கப்பட்ட அளவு 4 சதவீதம். பத்து சதவீதத்தில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பிவிடும். இந்தக் கணக்கை எழுதிக் காட்டினால், அனுபவமுள்ள மேற்பார்வையாளர்கள்கூட ஒரு கணம் பேச்சற்றுப் போகிறார்கள். கார்பன் டை ஆக்சைடைத் தனியாக அளக்கும் சென்சார் இல்லாத கருவியைக் கொண்டு, உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டை எழுதக் கூடாது. கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்த்த பழக்கத்தில் இங்கே தீபத்தை இறக்க நினைப்பவர்களும் உண்டு, காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தாலே எரியக்கூடிய எத்தனால் ஆவி உள்ள இடம் அது.

உள்ளே ஒருவர் விழுந்ததும் மேலே நிற்பவர் பதறிக் குதிப்பதால்தான் இத்தகைய விபத்துகளில் ஒரு சாவு இரண்டு மூன்றாகிறது. இறங்குபவரின் உடலைச் சுற்றிய ஹார்னஸில் (பாதுகாப்புப் பட்டையில்) கட்டிய கயிறு வெளியே மூன்று கால் தாங்கியில் (டிரைபாடில்) மாட்டியிருந்தால், எவரும் உள்ளே போகாமலேயே அவரைத் தூக்கிவிடலாம்.

அளவீட்டை மேன்ஹோல் வாயோடு நிறுத்தாமல் அடிவரை சென்சார் குழாயை இறக்கி எடுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் சேற்றில் மிச்சச் சர்க்கரையும் கரைந்த வாயுவும் இருக்கும். மண்வெட்டி பட்டதும் அந்த வாயு கிளம்பும். ஆகையால் சேறு அள்ளி முடியும்வரை ஊதுகாற்றும் ஓட வேண்டும், கருவியும் இறங்கியவரின் சட்டையிலேயே இருக்க வேண்டும்.