மூக்கில் நுழைந்து மூளைக்கு ஏறும் வைரஸ்

பிறந்து ஒரு வாரமே ஆன பன்றிக்குட்டி சாய்ந்து விழுந்து, நீந்துவது போலக் கால்களை உதறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று பின்கால்கள் செயலிழந்து நாய் மாதிரி உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரம் நிறையாத குட்டிகள் இந்த நோயில் அநேகமாகப் பிழைப்பதில்லை. அதே கொட்டிலில் நிற்கும் பெரிய பன்றியோ காய்ச்சல், தும்மல், இருமலோடு தேறிவிடும். சினையாக இருந்தால் கரு கலையலாம்.

இது அவுயெஸ்கி நோய். மாடு, நாய், பூனைகளில் ரேபிஸ் போலத் தெரிந்த இது வேறு நோய் என்று 1902இல் ஹங்கேரியின் அலாதார் அவுயெஸ்கி காட்டினார். அந்த விலங்குகள் அரிப்புத் தாங்காமல் தோலைக் கடித்துக் கிழித்து இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். பன்றி பிழைத்திருந்து நோயைப் பரப்பும்.

காரணம் ஒரு ஹெர்பஸ் வைரஸ். மூக்கின் உட்சவ்வில் பெருகி, அங்குள்ள நரம்பு நுனிக்குள் புகுகிறது. நரம்பிழைக்குள் தண்டவாளம் போல நுண்குழாய்கள் ஓடுகின்றன. டைனீன் என்ற புரதம் அவற்றின்மேல் சரக்குகளைச் செல்லின் மையத்துக்கு இழுத்துச் செல்லும். ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்பவரைப் போல வைரஸ் அதில் ஏறி, முகத்தின் உணர்வுகளைக் கடத்தும் முக்கிளை நரம்பின் முடிச்சை, அதாவது அந்த நரம்பின் செல்கள் குவிந்திருக்கும் இடத்தை, அடைகிறது. அங்கிருந்து மூளைக்குள் போக, செல்லின் மையத்தை விட்டு வெளியே செல்லும் எதிர்த்திசைப் பயணம் வேண்டும். அதற்கு வைரஸின் ஜிஇ முதலிய சில புரதங்கள் தேவை.

பிழைத்த பன்றியின் நரம்பு முடிச்சில் வைரஸ் உறங்கிக் கிடக்கும். சின்னம்மை வந்தவருக்குப் பல வருடம் கழித்து அக்கி வருகிறதே, அதே கதைதான். லாரியில் ஏற்றும்போதோ குட்டி ஈனும்போதோ உடல் தளர்ந்தால் மறுபடி விழித்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். 1961இல் ஹங்கேரியின் அடோர்யான் பார்த்தா வீரியம் குறைந்த வைரஸ் வகை ஒன்றை உருவாக்கினார். அது தடுப்பூசியானது. அதில் ஜிஇ புரதத்துக்கான மரபணு இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த ஒரு குறை இரண்டு வேலைக்கு உதவியது. ஒன்று, தடுப்பூசி போட்ட பன்றியின் ரத்தத்தில் ஜிஇக்கு எதிரான ஆன்டிபாடி இருக்காது. நிஜமாகவே தொற்றிய பன்றியில் இருக்கும். இரண்டையும் பிரித்தறிந்து நோயுள்ளவற்றை நீக்க முடிந்தது. 2004இல் அமெரிக்காவின் வணிகப் பண்ணைகள் இந்த நோயிலிருந்து முழுமையாக விடுபட்டன. இன்னொன்று, பார்த்தா வகை நரம்புகளில் பின்னோக்கி, அதாவது கட்டளை வரும் திசையை நோக்கி, மட்டுமே நகர்கிறது. அதனால் ஆய்வு விலங்கின் ஒரு தசையில் செலுத்திவிட்டு, மூளையில் எந்தெந்தச் செல்கள் அத்தசையோடு தொடர்புடையவை என்று நரம்பியலாளர்கள் தடம் பிடிக்கிறார்கள்.

காட்டில் திரியும் பன்றிகளுக்கு யார் ஊசி போடுவது? அமெரிக்கக் காடுகளில் அவற்றிடம் வைரஸ் இன்னும் இருக்கிறது. அவற்றை வேட்டையாடித் தின்னும் ஃப்ளோரிடா பாந்தர் என்ற அரிய பூமாக்களில் சில இந்நோயால் இறந்திருக்கின்றன.